முதல் வித்தைக்கு ஒரு ரப்பர் பேண்டு போதும்

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்த அக்கா மகள், வந்த அன்று மாலையே செல்போனை என் முன்னால் நீட்டினாள். திரையில் ஒருவர் உள்ளங்கைக்கு மேலே ஒரு சீட்டை அந்தரத்தில் சுழலவிட்டுக்கொண்டிருந்தார். "மாமா, இதை எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றாள். பதினொரு வயது. நான் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்துக் கொடுத்தேன். முகம் வாடிவிட்டது.

பத்து நிமிடத்தில் அந்த முகம் மலர்ந்தது. வித்தை இதுதான்: ரப்பர் பேண்டை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மாட்டிக்கொள்ள வேண்டும். புறங்கை பார்ப்பவர் பக்கம் இருக்கட்டும். மற்றக் கையால் ரப்பரை உள்ளங்கைப் பக்கமாக லேசாக இழுத்துப் பிடித்து, கையை மூடும்போது நான்கு விரல் நுனிகளையும் அந்த வளையத்துக்குள் விட்டுவிட வேண்டும். எதிரே இருப்பவர் கண்ணுக்கு ரப்பர் இன்னும் முதல் இரண்டு விரலில்தான் இருக்கிறது. கையை விரித்தால் சட்டென்று மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தாவிவிடும். நாம் எதுவும் செய்ய வேண்டாம், ரப்பரின் இழுப்பே பார்த்துக்கொள்ளும்.

அடுப்படியில் இருந்த ஆச்சியிடம் ஓடினாள். ஆச்சி பார்த்தாள், வாயைப் பிளந்தாள். "ஏட்டி, இன்னொருக்க செய்யி, பாப்போம்" என்றாள். இவள் பெருமையோடு மறுபடி செய்தாள். இந்தத் தடவை ஆச்சி ரப்பரைப் பார்க்கவில்லை. மடங்குகிற விரல்களைப் பார்த்தாள். "மடக்கும்போதே நாலு வெரலையும் உள்ள விட்டுட்டியே!" குழந்தை அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

அமெரிக்க மேடை வித்தைக்காரர் ஹோவர்ட் தர்ஸ்டன் பெயரில் மூன்று விதிகள் வழங்கிவருகின்றன. ரகசியத்தைச் சொல்லாதே, என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லாதே, அதே ஆளுக்கு அதே வித்தையை உடனே திருப்பிச் செய்யாதே. மூன்றாவது விதியை அவளுக்கு நான் முதலிலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். முதல் தடவை பார்ப்பவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. இரண்டாவது தடவை அவருக்கு முடிவு தெரியும். எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். "இன்னொருக்க" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே வேறொன்றைச் செய்ய வேண்டும். அதனால்தான் ஒரு வித்தை மட்டும் தெரிந்தவர் மாட்டிக்கொள்கிறார், மூன்று தெரிந்தவர் தப்பித்துவிடுகிறார்.

முப்பது வருடமாகப் பொழுதுபோக்காக இதைச் செய்துவருகிறேன். மேடை ஏறிச் சம்பாதித்தவன் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், வகுப்பைக் கலகலப்பாக்க நினைக்கும் ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற பிறகு கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று வந்தவர்கள் என்று பலருக்கும் முதல் வித்தையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோருமே பெரிய வித்தையில்தான் தொடங்க நினைக்கிறார்கள். அந்த ஆசையில் தப்பில்லை. 1956-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் வித்தைக்காரர் பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். நேரம் முடிந்து நிகழ்ச்சி சட்டென்று நின்றுபோக, அந்தப் பெண் உண்மையிலேயே செத்துவிட்டாள் என்று பயந்து மக்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். இதைக் கேட்கிற எவருக்கும் ரம்பத்தின் மீதுதான் கண் போகும். ஆனால் ரம்பம் கடைசியில் வரட்டும்.

டப்பாவுக்குள் இருந்த ரகசியம்

எனக்கும் ஆசை பெரிதாகத்தான் தொடங்கியது. ஏழாம் வகுப்பில் படிக்கும்போது பொருட்காட்சிக் கடையொன்றில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வாங்கினேன். உள்ளே ஒரு சிவப்புப் பந்து. மூடியைத் திறந்தால் பந்து இருக்கும், மூடித் திறந்தால் இருக்காது, மறுபடி மூடித் திறந்தால் திரும்ப வந்துவிடும். மூடிக்குள் பாதிப் பந்து போன்ற ஒரு ஓடு ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறிச் செய்தேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து வந்து, "கொடு, பாக்கட்டும்" என்று கிண்ணத்தைப் பிடுங்கினான். ஓடு தனியே கழன்று மேடையில் உருண்டது. அதன் பிறகு இரண்டு வருடம் நான் யாரிடமும் வித்தை காட்டவில்லை.

அந்தப் பையன் மீது எனக்கு இன்று கோபம் இல்லை. வியந்து போன எவரும் செய்வதைத்தான் அவன் செய்தான். ஆச்சரியம் வந்ததும் கை நீள்வது மனித இயல்பு. அதனால் புதிதாகக் கற்பவருக்கு நான் சொல்லும் முதல் அளவுகோல் இது: வித்தை முடிந்ததும் பொருளை அவர் கையில் கொடுக்க முடிகிறதா? முடிகிறது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருள் அவருடையதாகவே இருந்தால் இன்னும் நல்லது. அவர் பையில் இருந்த காசு, அவர் வீட்டுச் சீட்டுக்கட்டு, காய்கறி வாங்கிய பையைக் கட்டியிருந்த ரப்பர். கடையில் விற்கும் வித்தைப் பெட்டிகளில் நாற்பது ஐம்பது வித்தை என்று போட்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ரகசியத்தைப் பொருளுக்குள்ளேயே வைத்திருப்பவை. வாங்கிய வாரமே குழந்தைகள் தூக்கிப் போட்டுவிடுவதற்குக் காரணம் அதுதான். அவற்றில் கைக்குப் பழக ஒன்றும் இல்லை.

சீட்டும் நாடியும்

அடுத்த நாள் அக்கா மகளுக்குச் சீட்டு எடுத்தேன். 21 சீட்டு வித்தை அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நம் வீடுகளில் யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஏழு ஏழாக மூன்று வரிசை போட்டு, நினைத்த சீட்டு எந்த வரிசையில் என்று கேட்டு, அந்த வரிசையை நடுவில் வைத்து அடுக்கி, இப்படி மூன்று முறை செய்தால் சீட்டு சரியாகப் பதினொன்றாவது இடத்துக்கு வந்து நிற்கும். ஏன் என்று யோசித்துப் பார்ப்பது சுவையானது. முதல் கேள்வியில் 21 சீட்டு 7 ஆகச் சுருங்குகிறது. அந்த ஏழும் அடுத்த முறை மூன்று வரிசையிலும் பிரிந்து விழுவதால், இரண்டாவது பதிலுக்குப் பிறகு அதிகபட்சம் 3 சீட்டுதான் மிஞ்சும். மூன்றாவது முறை அந்த மூன்றும் வரிசைக்கு ஒன்றாக நடுவில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கணக்கு வகுப்புக்கு அருமையான பாடம்.

ஆனால் முதல் வித்தையாக இதை நான் சொல்வதில்லை. மொத்தம் 63 முறை சீட்டை மேசையில் போட வேண்டும். பார்ப்பவருக்குப் பாதியிலேயே இது ஏதோ கணக்கு என்று புரிந்துவிடுகிறது. விடை சரியாக வந்தால் தலையாட்டுவார்கள். மெய்சிலிர்க்க மாட்டார்கள்.

அதற்குப் பதில் இதைச் சொல்லிக்கொடுத்தேன். சீட்டுக்கட்டை எதிரில் இருப்பவரிடமே கொடுத்துக் கலைக்கச் சொல்ல வேண்டும். வாங்கி ஒழுங்குபடுத்தும்போது அடிச்சீட்டு என்ன என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். இஸ்பேடு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டை உருவச் சொல்லி, அவர் பார்த்ததும் கட்டின் மேல் வைக்கச் சொல்லி, அவரையே வெட்டி அடுக்கச் சொல்ல வேண்டும். இப்போது இஸ்பேடு எட்டு அவர் சீட்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். சீட்டுகளை ஒவ்வொன்றாக முகம் தெரியப் போட்டுக்கொண்டே போனால், எட்டுக்கு அடுத்து வருவது அவருடையது. நம் கை செய்வது ஒன்றுமே இல்லை. ஓரக்கண் பார்வை ஒன்றுதான்.

அவள் முதலில் செய்தபோது இஸ்பேடு எட்டு வந்தது, அடுத்த சீட்டைப் போட்டாள், "இதுதானே?" என்றாள். சரிதான். ஆனால் வெறும் பதில் போல இருந்தது.

"சீட்டு எது என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அவசரப்படாதே. எல்லாச் சீட்டையும் பரப்பி முடி" என்றேன். "ஆச்சியின் மணிக்கட்டைப் பிடி. நாடி பார்க்கிற மாதிரி மூன்று விரல் வை. ஆச்சியின் கையைச் சீட்டுகளுக்கு மேலே மெல்ல நகர்த்து. அந்தச் சீட்டைத் தாண்டிப் போ. நில். திரும்பி வா. துடிப்பு எங்கே மாறுகிறது என்று கேட்கிறவளைப் போல இரு."

அவள் அப்படியே செய்தாள். ஆச்சி பிறந்தது நாடி பிடித்து மருந்து கொடுத்த காலத்தில். பேத்தியின் மூன்று விரலும் மணிக்கட்டில் பட்டதுமே அவள் முகம் மாறிவிட்டது. சீட்டுக்கு மேலே கை நின்றபோது, சீட்டைப் பார்க்காமல் பேத்தியின் முகத்தைப் பார்த்தாள். ரகசியம் அதேதான். முன்னால் ஒரு விடையாக இருந்தது இப்போது இரண்டு பேருக்கு நடுவில் நடந்த ஒரு சம்பவமாகிவிட்டது. கை சும்மா இருக்கிற வித்தைகளை முதலில் கற்கச் சொல்வதற்கு எனக்கு வேறு காரணமே வேண்டாம். விரலைப் பற்றிய கவலை இல்லாதபோதுதான் எதிரில் இருக்கிற ஆளைப் பார்க்க முடிகிறது.

காசு கற்றுக்கொடுப்பது

சீட்டில் தைரியம் வந்த பிறகு காசு. இதில் குறுக்குவழி கிடையாது.

பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் அகலம், பழகுவதற்கு நல்ல அளவு. சின்னக் கைக்குக் கொஞ்சம் பெரிதுதான் என்றாலும் பிடிபடும். தொடக்கக்காரர்கள் எல்லோரும் கற்கும் வித்தைக்கு பிரெஞ்சு டிராப் என்று பெயர். இடது கைக் கட்டைவிரலும் மற்ற விரல்களும் காசின் விளிம்பைப் பிடித்திருக்கின்றன. வலது கை அதை எடுக்க வருகிறது. கட்டைவிரல் காசுக்குக் கீழேயும் மற்ற விரல்கள் மேலேயும் போகின்றன. அந்த மறைவில் காசு நழுவி இடது உள்ளங்கையில் விழுந்துவிடுகிறது. வலது கை வெறுமனே மூடிக்கொண்டு விலகிப் போகிறது. இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கண்ணுக்கு உண்மையாகத் தெரிய ஒரு மாதம் ஆகும்.

எல்லோரும் செய்யும் தவறு பொய்யை மட்டும் பழகுவது. நான் அவளை முதல் மூன்று நாள் காசை உண்மையாகவே எடுக்கச் சொன்னேன். இடது கையிலிருந்து வலது கைக்கு, இருபது முறை. உன் தோள் எப்படி அசைகிறது, மூடிய கை எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, காசைக் கொடுத்துவிட்ட கை என்ன செய்கிறது என்று பார்க்கச் சொன்னேன். கொடுத்துவிட்ட கை எதுவும் செய்வதில்லை, தளர்ந்து கீழே இறங்கிவிடுகிறது. பொய்யாகச் செய்யும்போதோ, காசை வைத்திருக்கும் அந்தக் கை விறைத்துப்போய் முதுகுக்குப் பின்னால் ஓடப் பார்க்கிறது. இருபது முறை உண்மையாக எடுத்துவிட்டு இருபத்தோராவது முறை பொய்யாக எடு என்றேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் நாளில் வித்தை கைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

கண்ணாடி முன்னால் பழகுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. காசு நழுவுகிற அந்த நொடியில் நம்மை அறியாமலே கண்ணைச் சிமிட்டிவிடுகிறோம். தவறைப் பார்க்க விரும்பாத மனம் செய்கிற வேலை. கண்ணாடி இதைக் காட்டாது, மூடிய கண்ணுக்கு எதுவும் தெரியாதே. செல்போனை எதிரே நிறுத்திப் படம் பிடித்துப் பார்த்தபோது அவள் சிமிட்டல் அவளுக்கே தெரிந்தது. காணொளி பார்த்து வித்தை கற்பதைப் பற்றி எனக்குக் குறைகள் உண்டு. வெட்டி ஒட்டிய படத்தில் ஒரே கோணத்தில் விரல்கள் மட்டும் தெரிகின்றன, முகமும் மூச்சும் தெரிவதில்லை. ஆனால் நம்மை நாமே பார்த்துக்கொள்ள அந்தக் கருவியைப் போல வேறெதுவும் இல்லை.

கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் காசு இருக்கிறது என்று ஊர் நம்பும். இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். வித்தைக்காரராகவும் உளவியல் ஆய்வாளராகவும் இருக்கும் குஸ்தாவ் கூன், மைக்கேல் லேண்டுடன் சேர்ந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒருவர் பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடிக்கிறார். மூன்றாவது முறை எறிவது போல் கையை மட்டும் அசைக்கிறார், பந்து உள்ளங்கையிலேயே இருக்கிறது. அவர் தன் பார்வையை மேலே உயர்த்தியபோது, பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே போய் மறைந்ததைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் தன் கையைப் பார்த்தபோது அப்படிச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். இல்லாத பந்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்! அதற்கு வேண்டியிருந்தது ஒரு மனிதரின் பார்வை மட்டும்.

பழக்கம் என்று வந்தால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் பிரான்சின் வித்தைக்காரர் ராபர்ட்-ஊடான். 1805-ல் பிறந்தவர், கடிகாரத் தொழிலாளி. கடிகாரம் செய்வது பற்றிய இரண்டு தொகுதி நூல் கேட்டு வாங்கிப்போனவர் வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே இருந்தவை வித்தைப் புத்தகங்கள் என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார். இவர் திருப்பிக் கொடுக்கவில்லை. பந்துகளை மேலே எறிந்து பிடித்தபடியே எதிரில் விரித்துவைத்த புத்தகத்தைப் படிக்கும் அளவுக்குப் பழகினார். முப்பது வருடம் கழித்து அதை எழுத உட்கார்ந்தபோது மறுபடி முயன்று பார்த்தாராம், மூன்று பந்து வரை இன்னும் முடிந்தது. அவர் பெயரைத்தான் புடாபெஸ்டில் பிறந்த எரிக் வைஸ் என்ற இளைஞர் தனக்குச் சூட்டிக்கொண்டு ஹூடினி ஆனார்.

புத்தகம் ஒன்று வேண்டும் என்று கேட்பவர்களுக்கு 1975-ல் வந்த மார்க் வில்சனின் பெரிய பாடநூலைச் சொல்வேன். படங்கள் நிறைய, எல்லா வகையும் கொஞ்சம் கொஞ்சம். காசில் ஆழமாகப் போக விரும்பினால் 1952-ல் வந்த போபோவின் நூல். ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் போதும். அதிலும் மூன்று வித்தை.

செப்பு

நம் மொழியிலேயே இந்தக் கலைக்குப் பெயர் செப்பிடு வித்தை. செப்பு என்றால் சிறு கிண்ணம், சிமிழ். மூன்று கிண்ணம், சில பந்து, அவற்றை வைத்துச் செய்யும் வித்தையின் பெயரே மொத்தக் கலைக்கும் பெயராகிவிட்டது. கேரளத்தில் இன்றும் செப்பும் பந்தும் என்றே சொல்கிறார்கள். அங்கே வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி இதில் பேர் பெற்றவர். ரோமில் செனகா முதல் நூற்றாண்டிலேயே ஒரு கடிதத்தில் கிண்ணத்தையும் கல்லையும் வைத்து ஏமாற்றும் வித்தையைக் குறிப்பிடுகிறார். ஏமாறுவதில்தான் இன்பம், எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துவிட்டால் ஆர்வம் போய்விடுகிறது என்பது அவர் கருத்து. நம் ஊர் வித்தைக்காரர்கள் தரையில் உட்கார்ந்து செய்தார்கள். மேலே குமிழ் வைத்துக் கடைந்த சிறிய மரக்கிண்ணங்கள், துணி சுற்றிய பந்துகள். மேசை இல்லை, மறைக்கத் திரை இல்லை, சுற்றி நாலு பக்கமும் ஆட்கள். அந்த நிலையில் செய்வது எவ்வளவு கடினம் என்பது பழகியவருக்குத்தான் தெரியும்.

அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களை வைத்து விளையாடி வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சொன்னதும் கண் விரிந்தது. மூன்று காகிதக் கப்பும் நான்கு உருட்டிய காகிதப் பந்தும் எடுத்துக்கொண்டோம். பார்ப்பவருக்குத் தெரிவது மூன்று பந்து. நான்காவது, அடுக்கிய கப்புகளில் நடுக் கப்புக்குள் முன்பே இருக்கிறது. கப்புகளை ஒவ்வொன்றாக உருவி ஒரே வீச்சில் கவிழ்த்து வைத்தால் பந்து கீழே விழாது. இப்போது நடுக் கப்பின் முதுகில் ஒரு பந்தை வைத்து, மற்ற இரண்டு கப்பையும் அதன்மேல் கவிழ்த்து, ஒரு தட்டுத் தட்டி மொத்தமாகத் தூக்கினால் பந்து தரையில் இருக்கும், கப்பைத் துளைத்துக்கொண்டு இறங்கியது போல. மேலே வைத்த பந்து இப்போது கப்புகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது, அடுத்த சுற்றுக்குத் தயாராக. பார்ப்பவர் ஒன்றை எதிர்பார்க்கும்போது நாம் அதை எப்போதோ செய்து முடித்திருக்கிறோம்.

வித்தை கற்றுக்கொடுக்கும்போது நான் தவறாமல் சொல்லும் இன்னொன்று உண்டு: வித்தையைச் சக்தி என்று சொல்லி யாரையும் மிரட்டாதே, ஏமாற்றாதே. சந்தைகளில் மோடி மஸ்தான் கூட்டம் கூட்டுவதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போகிறேன் என்பார். ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். சண்டை மட்டும் நடக்காது, கடைசியில் தாயத்து விற்பார். நடுவில் நகர்ந்தால் ரத்தம் கக்குவாய் என்று மிரட்டுவார். பேச்சால் கூட்டத்தைக் கட்டிவைக்கும் அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். அந்த மிரட்டலை இன்று வரை மன்னிக்கவில்லை. சிறு வயதில் வீட்டுக்குப் போக முடியாமல் பயந்து நின்றவர்களில் நானும் ஒருவன்.

ஆங்கிலத்தில் கைவித்தைகளின் ரகசியத்தை விளக்கிய பழைய நூல்களில் முக்கியமானது 1584-ல் ரெஜினால்ட் ஸ்காட் எழுதியது. சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைக் கொன்றுகொண்டிருந்த காலம். சூனியம் போலத் தோன்றும் வித்தைகளெல்லாம் கை செய்யும் வேலை என்று காட்டத்தான் அவர் எழுதினார். நம் பக்கத்தில் கோவை போத்தனூரில் வாழ்ந்த பசவ பிரேமானந்த் அதே வேலையைச் செய்தார். 2009-ல் மறையும் வரை ஊர் ஊராகப் போய், காற்றிலிருந்து விபூதி வரவழைப்பது எப்படி என்று மக்கள் முன்னால் செய்து காட்டினார். கஞ்சித் தண்ணீரில் குழைத்துக் காயவைத்த விபூதி உருண்டையைக் கட்டைவிரல் இடுக்கில் வைத்து நொறுக்குவதுதான் அது. பகுத்தறிவு இயக்கங்கள் நடத்தும் 'மந்திரமா? தந்திரமா?' நிகழ்ச்சிகளும் இந்த வழியில் வந்தவை. காசு மறைவதைப் பார்த்து ஒரு பெரியவர் "உனக்கு ஏதோ சக்தி இருக்கு, என் பையனுக்கு வேலை எப்போ கிடைக்கும்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். ரகசியம் சொல்லாதே என்ற விதியை அன்று மீறினேன். காசை அவர் கையில் கொடுத்து, எப்படி என்று காட்டினேன். இனியும் அப்படித்தான் செய்வேன்.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆச்சி திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஆச்சி, ஒரு பத்து ரூவாக் காசு தாங்க." ஆச்சி இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு நாணயம் எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி சுருக்கிச் செருகிக்கொண்டாள். ரப்பர் பேண்டை அவள் மறக்கவில்லை என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

பெண் அவசரப்படவில்லை. காசை ஒரு முறை உண்மையாகவே வலது கைக்கு மாற்றினாள், திரும்ப இடது கைக்குக் கொடுத்தாள், ஏதோ பள்ளிக்கூடக் கதை சொன்னாள். பிறகு எடுத்தாள். பார்வை மூடிய வலது கையோடு போயிற்று. இடது கை தளர்ந்து மடியில் இறங்கியது. கண் சிமிட்டவில்லை. வலது கையை ஆச்சியின் இடுப்புக்கு நேராக நீட்டி, மெல்ல விரலை விரித்தாள்.

ஆச்சி அந்தக் கையை ஒரு நொடி பார்த்தாள். பிறகு வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, சுருக்குப் பையை அவிழ்த்து உள்ளே தேடத் தொடங்கினாள்.